பன்னிரண்டாம் மாதம், முந்நூற்று எண்பத்தேழாம் நாள்

அந்த ஊரில் வருடம் தானாக முடிவதில்லை. முடிந்தது என்று வான்நோக்கு மண்டபம் அறிவித்தால்தான் முடியும். பக்கத்து ஊர்களில் மக்கள் தாங்களே விரல்விட்டு எண்ணி வருடத்தை முடித்துக்கொள்வதாகக் கேள்வி. அப்படிப்பட்ட காட்டுத்தனம் இங்கே கிடையாது என்பதில் மண்டபத்துக்குப் பெருமை உண்டு.

ஏற்பாடு எளியதுதான். மண்டபத்து முற்றத்தில் பன்னிரண்டு முழ உயரத்தில் ஒரு கல்தூண். தூணிலிருந்து சரியாகப் பத்து முழத் தொலைவில், தரையில் பதித்த ஒரு பித்தளைப் பட்டை. நான்கு விரற்கடை அகலம். குளிர்காலம் நெருங்க நெருங்கத் தூணின் நடுப்பகல் நிழல் நீளும். நிழலின் நுனி பட்டைக்கு வெளியே இருந்து உள்ளே நுழையும் நாள் வருடத்தின் கடைசி நாள். சில நாள் பட்டைமேல் தங்கியிருந்து, சூரியன் திரும்பியதும் வந்த வழியே நுனி வெளியேறிவிடும். சூரியன் எத்தனை தூரம் போய்த் திரும்புகிறது என்று பார்த்துத்தான் முன்னோர்கள் பட்டைக்கு அந்த அகலம் வைத்தார்கள். அவர்கள் வானத்தைப் பார்த்தவர்கள். பின்னால் வந்தவர்கள் பட்டையைப் பார்த்தார்கள்.

பன்னிரண்டாம் மாதம் முப்பதாம் நாள் நடுப்பகலில், முற்றத்துக் கயிற்றுக்கு வெளியே கொத்தனார் கையில் ஒரு துணிமூட்டையோடு நின்றிருந்தார். மூட்டைக்குள் அவர் மகளின் மாற்றுத்துணியும் ஒரு மரச்சீப்பும் இருந்தன. வருடம் முடிந்ததும் நேரே சிறைக்குப் போய் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். மனைவி காலையிலேயே வெந்நீருக்கு அடுப்பு மூட்டிவிட்டாள்.

மகளை வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வயது. மண்டபத்தின் நாழிகை அறையில் வேலை. அடியில் ஊசித்துளை போட்ட செம்பு வட்டிலைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து மூழ்கும் கணத்தில் மணி அடிக்க வேண்டும். ஆறு வருடம் ஒரு நொடி பிசகாமல் அடித்தாள். இந்த வருடத்தின் முதல் நாள் தலைமைக் கணியர் தொடக்க உரை நிகழ்த்தினார். உரை நடுப்பகலில் முடியும் என்று நிகழ்ச்சி நிரலில் எழுதியிருந்தது. உரை முடிவதற்குள் வட்டில் மூழ்கிவிட்டது. அவள் அடித்துவிட்டாள். தலைமைக் கணியர் அப்போது "காலம் நம் கைக்குள் அடக்கம்" என்ற வாக்கியத்தின் நடுவில் இருந்தார்.

காலத்தை முந்திய குற்றத்துக்காக ஒரு வருடச் சிறை. விசாரணையில், "வட்டில் முழுகிடுச்சுங்க, அதான் அடிச்சேன்" என்றாள் பாப்பா. "வட்டில் முழுகினா நடுப்பகல்னு உனக்கு யாரு சொன்னது? நான் பேசி முடிச்சாத்தான் நடுப்பகல்" என்று தலைமைக் கணியர் பொறுமையாக விளக்கினார். அதற்குப் பிறகு வட்டிலின் துளையை மெழுகு வைத்து அடைத்துவிட்டார்கள். அவர் உட்கார்ந்தவுடன் மணி அடிப்பது வழக்கமாயிற்று.

நிழல் வந்தது. முழங்காலிட்டுக் குனிந்திருந்த நான்கு கணியர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். நுனி பட்டைக்கு இரண்டு விரற்கடை முன்னால் நின்றது. நின்றது நின்றதுதான். கொஞ்ச நேரத்தில் பக்கவாட்டில் சாயத் தொடங்கிவிட்டது.

தலைமைக் கணியர் மேடையேறினார். "மக்களே, வருஷம் முடியல," என்றார். "இன்னிக்கோட என் அஞ்சு வருஷப் பதவி முடியுது, ஓய்வா வீட்ல உக்காரலாம்னு ஆசையா இருந்தேன். விதி விடல. நிழல் சொல்லணும், நான் கேக்கணும். நாளைக்குப் பன்னிரண்டாம் மாசம் முப்பத்தொண்ணாம் நாள். எல்லாரும் அவங்கவங்க வேலைய பாருங்க."

கூட்டம் கலைந்தது. கொத்தனார் மட்டும் அங்கேயே நின்றார். ஏனென்றால் நிழல் ஏன் குறைந்தது என்று அந்த இடத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரிந்தது. அதைக் குறைத்தவரே அவர்தான்.

மண்டபத்தில் ஒரு மரபு உண்டு. தலைமைக் கணியராக இருப்பவர் பதவி முடியுமுன் தம் பெயரைச் செதுக்கிய கற்களால் முற்றத்துக்கு ஒரு புதுத் தரை போட வேண்டும். பழைய தரையைப் பெயர்க்கக் கூடாது. அதில் குருவின் பெயர் இருக்கிறது. அதனால் தரைமேல் தரை. ஒவ்வொரு தரையும் இரண்டரை விரற்கடை கனம். பட்டையை மட்டும் எடுத்து மேலே அதே பத்து முழத் தொலைவில் பதித்துவிடுவார்கள். தரை உயர்ந்தால் தூண் குட்டை; தூண் குட்டையானால் நிழலும் குட்டை. இது வீடு கட்டுகிறவனுக்குத் தெரியும், சுவரோரம் ஒதுங்குகிற ஆட்டுக்கும் தெரியும். முதல் தரைக்கு முன்னால் நுனி பட்டையின் அந்த ஓரம்வரை போனது. இரண்டாம் தரை வந்தபோது இந்த ஓரத்தைத் தொட்டதோடு சரி. மூன்றாம் தரையைப் போட்டவர் நம் கொத்தனார், இந்தக் கோடையில்தான்.

அதைப் போட்டபோது அவர் மனதில் ஒரு கணக்கு இருந்தது. வேலை மெச்சும்படி இருந்தால் தலைமைக் கணியர் மனம் இரங்கி மகளை முன்கூட்டியே விடலாம். அதனால் கல்லுக்குக் கல் நூல் பிடித்து, நாற்பது நாள் தூக்கம் கெட்டு வேலை செய்தார். தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் விட்ட இடத்திலேயே நின்றது. தலைமைக் கணியர் அதைப் பார்த்து, "கொத்தனாரே, உன் தரை என் பேரு மாதிரி நேரா இருக்கு" என்றார். மகளைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

மறுநாள் கொத்தனார் மண்டபத்து எழுத்தரிடம் போனார். எழுத்தர் நாற்பது வருடம் குனிந்து எழுதி முதுகு வளைந்தவர். அவருக்கும் முந்தின நாளோடு ஓய்வு கிடைத்திருக்க வேண்டும். மூட்டை முடிச்சைக் கட்டி மேசைக்கு அடியில் வைத்திருந்தார்.

"ஐயா, ஒரு மனு கொடுக்கணும்."

"எதைப் பத்தி?"

"வருஷம் முடியலையே, அதைப் பத்திங்க."

"தாராளமா கொடுங்க. இந்த வருஷம் கொடுத்த மனுவ அடுத்த வருஷம் முதல் நாள் பிரிப்போம்."

"அடுத்த வருஷம் வரலைங்கறதுதானே மனுவே?"

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். "நல்ல மனுதான்," என்றார். "என் முதுகுவலிக்கும் சேத்து எழுதிக்கொடுங்க." பிறகு என்ன நினைத்தாரோ, எழுந்து அவரை நேரே உள்ளே கூட்டிப்போய் விட்டார்.

தலைமைக் கணியர் சாய்மானத்தில் சாய்ந்து பழம் உரித்துக்கொண்டிருந்தார். கொத்தனார் பணிந்து நின்று, மூன்று தரையையும் தூணையும் விரலால் காற்றில் வரைந்து காட்டினார். எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டாம், பட்டைக்குக் கீழே உள்ள ஒரே ஒரு கல்லை எடுத்துவிட்டுப் பட்டையை இறக்கி வைத்தால் போதும். அரை நாள் வேலை. சூரியன் திரும்புமுன் செய்துவிடலாம் என்றார்.

"அந்தக் கல்லுல என்ன செதுக்கியிருக்கு?"

"உங்க பேருங்க."

"அதுக்குக் கீழ?"

"உங்க குருவோட பேரு."

"அப்போ என் பேர எடுத்துட்டு என் குரு தலைமேல பித்தளைய வைக்கச் சொல்ற." பழத்தோலைக் கீழே போட்டார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். சூரியன் வரல, நீ தரைய குறை சொல்ற. அதுவும் நீயே போட்ட தரை. அப்படின்னா வருஷத்த நிறுத்தினது நீயா? எழுதிக்கட்டுமா?"

கொத்தனார் காற்றில் வரைந்த விரலை மடக்கிக்கொண்டார்.

"பயப்படாத. உன் மேல எனக்குக் கோபம் இல்ல. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்க. வானம் தப்பு பண்ணலாம், அது பெருசு, அதுக்கு ஆயிரம் வேலை. மண்டபம் தப்பு பண்ணாது. இங்க வேற வேலையே கிடையாது."

பத்து நாளில் சூரியன் திரும்பிவிட்டது. நிழல் பட்டையை விட்டு விலகி விலகித் தூணை நோக்கிப் போயிற்று. அதை யார் போய் இழுத்துப் பிடிப்பது? இனி அடுத்த குளிர்காலம்தான்.

அதுவரை பன்னிரண்டாம் மாதம் நீண்டது. நாற்பதாம் நாள் வந்தது, எழுபதாம் நாள் வந்தது. வெயில் ஏறி வியர்த்துக் கொட்டியபோதும் அரசாணைகளில் கடுங்குளிர் மாதம் என்றே எழுதினார்கள். காவலர்கள் கம்பளி போர்த்திக்கொண்டு நின்றார்கள். பள்ளியில் பிள்ளைகள் அதே வகுப்பில் அதே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து வாத்தியாருக்கே சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். அடுத்த வருடம் முதல் மாதம் கல்யாணம் என்று நாள் குறித்த ஒரு பெண், குறித்த நாளுக்கே காத்திருந்தாள். மகிழ்ச்சியாக இருந்தவர் ஊரிலேயே ஒருவர்தான், ஓர் எண்ணெய் வியாபாரி. அடுத்த வருடம் உமக்குச் சாவு என்று மண்டபம் அவருக்குக் கணித்துச் சொல்லியிருந்தது. அவர் மண்டபத்துக்குத் தினம் ஒரு குடம் எண்ணெய் இலவசமாக அனுப்பினார்.

கொத்தனாருக்கு இதெல்லாம் வேடிக்கையாகத் தெரியவில்லை. சிறை விதிப்படி கைதியை மாதத்துக்கு ஒருமுறை பார்க்கலாம். பன்னிரண்டாம் மாதத்துக்கான ஒருமுறையை அவர் ஐந்தாம் நாளே பார்த்துத் தீர்த்துவிட்டிருந்தார்.

"மாசம் முடியட்டும், வாங்க," என்றார் வாசலில் இருந்த சிறைக்காவலர். தடித்த, சாந்தமான மனிதர்.

"மாசம் எப்போங்க முடியும்?"

"வருஷம் முடியும்போது."

"உள்ள ஈரம்ங்க. அஞ்சாம் நாள் பாத்தப்பவே அவ இருமிக்கிட்டு இருந்தா. ஒரு எட்டு, தூரத்துல இருந்து..."

"எனக்கும் பொண்ணு இருக்குங்க. ஆனா விதி இருக்கே. சாப்பாடு வேணா வாரம் ஒருக்கா கொண்டாங்க. பாத்திரத்த நானே உள்ள கொடுத்து வாங்கித் தாரேன்."

வாரம் ஒருமுறை மனைவி ஒரு தூக்குப்பாத்திரத்தில் கஞ்சியும் அவித்த பயறும் கட்டிக்கொடுப்பாள். இருமலுக்கு என்று மிளகு தூக்கலாகப் போடுவாள். பாத்திரம் காலியாகத் திரும்பி வரும். உள்ளே ஒரு சாண் நீளத்துக்கு ஒரு நூல் கிடக்கும், போர்வையில் இருந்து உருவியது. அதில் ஏழு முடிச்சு. நாளுக்கு ஒன்று. நாழிகை பார்த்த கை சும்மா இருக்குமா? இருட்டறையில் கிடந்தும் அவள் நாளைத் தவறவிடவில்லை. ஊரிலேயே சரியான நாள்காட்டி அந்தத் தூக்குப்பாத்திரத்துக்குள்தான் இருந்தது. மனைவி அந்த நூல்களை அடுப்படி ஆணியில் வரிசையாக மாட்டிவைத்தாள்.

நூற்று நாற்பத்தைந்தாம் நாள் பாத்திரம் வந்தது. நூல் வரவில்லை.

"புது விதி," என்றார் காவலர். "உள்ள யாரும் நூல் வச்சிருக்கக் கூடாதாம். தூக்கு மாட்டிக்குவாங்களாம்."

கொத்தனார் வீட்டுக்கு வந்து சொன்னார். மனைவி பாத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சாண் நூல்ல யாருங்க தூக்கு மாட்டிக்குவா?"

"விதின்னு சொல்றாங்க."

"பாத்திரம் நல்லா கழுவி வந்திருக்கு. பாப்பா என்னிக்குங்க பாத்திரம் கழுவினா?"

"ஜெயிலு பழக்கியிருக்கும். காலியாத்தானே வந்திருக்கு? சாப்பிட்டிருக்காள்ல?"

அவள் பாத்திரத்தைக் கவிழ்த்துவைத்தாள். அடுத்த வாரமும் கட்டிக்கொடுத்தாள். அதற்கடுத்த வாரமும். தெரியாமல் இருப்பதற்கு மனிதன் எவ்வளவு பாடுபடுகிறான்! கொத்தனார் அந்த மாதங்களில் வேறெந்த வேலையையும் அவ்வளவு அக்கறையாகச் செய்யவில்லை.

முந்நூறாம் நாளை ஒட்டி அரண்மனைக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. அரசரின் பிறந்தநாள் முதல் மாதத்தில் வருகிறது. முதல் மாதமே வராவிட்டால் அரசருக்கு வயது எப்படி ஏறும், விருந்து எப்படி நடக்கும் என்று ஓர் ஓலை வந்தது. மண்டபம் உடனே ஒரு விசாரணைக் குழு அமைத்தது. குழுவின் தலைவர் தலைமைக் கணியர். உறுப்பினர்கள் அவருடைய மூன்று சீடர்கள். சாட்சியாகத் தூணை விசாரித்தார்கள். அது எதையும் மறுக்கவில்லை என்று பதிவாயிற்று.

அறிக்கையைத் தலைமைக் கணியரே கொத்தனாரைக் கூப்பிட்டனுப்பி வாசித்துக்காட்டினார். சூரியனுக்கு அண்மைக்காலமாகக் கடமையுணர்ச்சி குறைந்திருக்கிறது. அதை மன்னித்துவிடலாம். முக்கியமான காரணம் வேறு.

"தரை சொரசொரப்பாயிடுச்சு," என்றார். "நிழல் தூண் அடியில இருந்து வழுக்கிக்கிட்டு வரணும். பாதி வழியில சிக்கி நின்னுடுது. அன்னிக்கு நீ சொன்னியே, தரையில கோளாறுன்னு. உனக்கு அறிவில்லாட்டியும் வாய்முகூர்த்தம் இருக்கு."

"இப்போ என்னங்க செய்யணும்?"

"இதுக்கு மேல இன்னொரு தரை போடு. பளபளன்னு. நிழல் கால் வச்சா வழுக்கி விழணும்."

இன்னும் ஒரு தரை. இன்னும் இரண்டு விரற்கடை குறையும். தலைக்குமேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று விட்டுவிட்டுப் போகலாம். ஆனால் இவர் மாட்டேன் என்றால் வேறொரு கொத்தனார் போடுவார். மட்டம் பிசகாமல், நேர்மையாக, ஒரு குறையும் சொல்ல முடியாதபடி போடுவார். வருடம் முடியவே முடியாது.

"போடறேன்ங்க," என்றார் கொத்தனார்.

முந்தின குளிர்காலத்திலேயே, இணைப்புக்குச் சுண்ணாம்பு பூசுகிற சாக்கில், நிழல் கடைசியாக நின்ற இடத்தில் அவர் உளியால் ஒரு கீறல் போட்டுவைத்திருந்தார். இப்போது தூணின் உச்சியில் ஒரு கயிறு கட்டி, அந்தக் கீறல்வழியே இழுத்துப் பார்த்தார். வெயில் எந்தச் சாய்வில் வரும் என்பதைக் கயிறு சொன்னது. அந்தச் சாய்வு பட்டையின்மேல் போய் விழ வேண்டுமானால், தூணடியில் இருந்து பட்டைவரை தரை ஆறு விரற்கடை இறங்க வேண்டும். பத்து முழத்தில் ஆறு விரற்கடை. கழிவுநீர் ஓடுவதற்குக் குளியலறையில் கொடுக்கிற வாட்டம்தான். கண்ணுக்குத் தெரியாது. பட்டைப் பக்கம் பழைய கற்களை இரவோடிரவாகப் பெயர்க்க வேண்டியிருந்தது. குருமார்களின் பெயர்களை உடைத்து, அதே ஜல்லியைத் தூணடியில் நிரப்பினார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கோணல் தரை போட்டார். போடும்போது கை கூசியது.

தரையைச் சோதிக்க ஒரு விதி இருந்தது. சுற்றிலும் களிமண்ணால் வரப்புக் கட்டித் தண்ணீர் நிரப்பி, ஒரு பகல் முழுக்க எல்லாப் பக்கமும் ஒரே ஆழம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். தலைமைக் கணியருக்கு அன்று ஜலதோஷம். ஏட்டில் இருந்த விதியை உரக்க வாசித்துவிட்டு, ஒரு கரண்டித் தண்ணீரைத் தெளித்து, "நீர் நின்றது" என்றார். "நின்றது, நின்றது" என்றார்கள் சீடர்கள்.

அப்போதுதான் ஒரு சீடரின் கையில் இருந்த உருண்டை மைக்கூடு நழுவியது. விழுந்தது உடையவில்லை. உருண்டது. தூணடியில் இருந்து, யார் தள்ளியும் விடாமல், நிதானமாக, பத்து முழத்தையும் கடந்துபோய்ப் பித்தளைப் பட்டையில் முட்டி நின்றது.   கொத்தனார் மனதில் சிறைக்கதவு தெரிந்தது.

தலைமைக் கணியரின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா வழவழப்ப! மைக்கூடே நிக்க முடியாம ஓடுது. நிழல் எங்க நிக்கப் போகுது?"

எல்லோரும் கைதட்டினார்கள்.

பன்னிரண்டாம் மாதம் முந்நூற்று எண்பத்தேழாம் நாள் நடுப்பகலில் நிழலின் நுனி பித்தளைப் பட்டைக்குள் நுழைந்தது. மணிகள் அடித்தன. வாத்தியார் தெருவில் உட்கார்ந்து அழுதார். எண்ணெய் வியாபாரி கடையைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொண்டார். எழுத்தர் மேசைக்கு அடியில் இருந்த மூட்டையை எடுத்தபோது அதில் எலி குட்டி போட்டிருந்தது. தலைமைக் கணியர் மட்டும் பட்டையைக் கொஞ்சம் அதிகநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பதவி போய்விட்டது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

கொத்தனார் ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடக்கூடாது. கையில் அதே துணிமூட்டை, அதே சீப்பு. மனைவி பின்னாலேயே வந்தாள். சிறை வாசலில் காவலர் பெரிய பதிவேட்டைப் பிரித்து வைத்திருந்தார்.

ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். வெயிலுக்குக் கண்ணை மூடிக்கொண்டார்கள். பதினான்கு பேர். கதவு மூடியது.

"எங்க பொண்ணுங்க?" என்றார் கொத்தனார். "மணி அடிச்ச பொண்ணு."

காவலர் விரலை வரிசையாக இறக்கினார். "இருக்கு. தண்டனை முழுசா நிறைவேறினதுன்னு போட்டிருக்கு. ஒரு குறையும் இல்ல."

"அப்போ ஆள் எங்க?"

"இந்தப் பக்கத்துல இருக்கறவங்க இறந்தவங்க. இறந்துட்டா தண்டனை நிறைவேறினதாத்தான் விதியில கணக்கு. நூத்தி நாப்பத்தொண்ணாம் நாள் காலையில. இருமல்தான். பின்னால தோட்டத்துல அடக்கம் பண்ணியாச்சு."

கொத்தனார் அந்த வரியையே பார்த்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"ஏன்ங்க சொல்லல?" என்றாள் மனைவி.

"இறப்புப் பதிவேட வருஷம் முடிஞ்சு கூட்டிப் பாத்துட்டுத்தாம்மா வீட்டாருக்குச் சொல்லணும். நடுவுல சொன்னா என் வேலை போயிடும்."

"வாரா வாரம் பாத்திரம் வாங்கினீங்களே. முப்பத்தஞ்சு வாரம்."

காவலர் தலை குனிந்தார். கெட்டவர் இல்லை, அதுதான் கொடுமை. "வாங்காம விட்டா உங்களுக்குத் தெரிஞ்சுடும். தெரியக்கூடாதுன்னுதானேம்மா விதி. கொட்டவும் மனசு வரல." கொஞ்சம் தயங்கிச் சொன்னார். "மிளகு போட்டு நல்லா இருந்துச்சு."

பிறகு மேசைக்குள் தேடி ஒரு நூலை எடுத்துக் கொடுத்தார். அவள் கையில் இருந்தது என்றார். ஒரு சாண் நீளம். மூன்று முடிச்சு போட்டிருந்தது. நாலாவது முடிச்சுக்கு வளையம் மட்டும் இருந்தது, இறுக்கவில்லை.

வீட்டில் மனைவி அந்தத் தூக்குப்பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். பொழுது சாயும்வரை தேய்த்தாள். "யாருக்கோ சமைச்சிருக்கேன்," என்றாள். "யாரோ தின்னதுக்கு நான் மிளகு இடிச்சிருக்கேன்." கொத்தனாருக்கு அழக்கூட வெட்கமாக இருந்தது. அவர் போட்ட மட்டம் பிசகாத தரை மகளை உள்ளே வைத்தது. கோணல் தரை பிணத்தை விடுதலை செய்தது.

பத்தாம் நாள் புதுத் தலைமைக் கணியர் ஆள் அனுப்பினார். பழையவரின் மூத்த சீடர்தான்; மைக்கூட்டை நழுவவிட்டவர். "என் குருநாதர் தரைய போட்டதும் சூரியனுக்கே சுறுசுறுப்பு வந்துடுச்சு. எனக்கும் ஒண்ணு போடு. அதைவிட வழவழப்பா. நான் அடுத்தவங்க மாதிரி அஞ்சாவது வருஷம்வரைக்கும் காத்திருக்கப் போறதில்ல, இப்பவே பேர் பதிஞ்சுடணும்."

கொத்தனார் பையை எடுத்தபோது மனைவி, "அந்த வேலைக்கா போறீங்க?" என்றாள்.

"போறேன்."

அவர் அடுப்படி ஆணியில் இருந்து மூன்று முடிச்சு நூலை எடுத்துக்கொண்டு போனார். தூணடியில் தரை இருக்கும் மட்டத்தில் இருந்து பட்டைப் பக்கம் எவ்வளவு இறங்க வேண்டும் என்பதற்கு அந்த நூலையே தொங்கவிட்டு அளவெடுத்தார். ஒரு சாண். பெரிய வாட்டம்தான், கூர்ந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும். யாரும் கூர்ந்து பார்க்கவில்லை. சோதனைக்கு ஒரு கரண்டித் தண்ணீர் தெளித்தார்கள். அது ஓடியதைப் பார்த்து மகிழ்ந்தார்கள்.

அடுத்த குளிர்காலத்தில் நிழல் பதினைந்து நாள் முன்னதாகவே பட்டைக்குள் வந்துவிட்டது. வருடம் முடிந்தது, மறுநாள் தொடக்க உரை, உரையின் நடுவில் தும்மியவர்கள், கொட்டாவி விட்டவர்கள், நாழிகை பார்த்தவர்கள் என்று பத்தொன்பது பேருக்கு ஒரு வருடச் சிறை. ஆனால் தரை அவ்வளவு இறங்கியிருந்ததால் நிழலின் நுனி பட்டைமேல் தங்கவில்லை. அதைத் தாண்டி அந்தப் பக்கம் போயிற்று. சூரியன் திரும்பியதும் அதுவும் திரும்பியது. இருபத்திரண்டாம் நாள் நடுப்பகலில், வெளியே இருந்து வந்து, மறுபடி பட்டைக்குள் நுழைந்தது.

விதி விதிதான். வெளியே இருந்து நுழைந்தால் வருடம் முடிந்தது. கணியர்கள் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். நிழலைச் சந்தேகித்தால் மண்டபத்தையே சந்தேகித்ததாகும். கடைசியில் வருடம் முடிந்தது என்று அறிவித்தார்கள். ஐந்து வருடப் பதவியில் ஒரு வருடம் மூன்றே வாரத்தில் கரைந்துபோன புதுத் தலைமைக் கணியர், சூரியனின் கடமையுணர்ச்சியைப் பாராட்டி உரையாற்றினார். குரல் மட்டும் கம்மியிருந்தது.

அன்று சிறை வாசலில் பத்தொன்பது பேர் வெளியே வந்தார்கள். ஒரு வருடத் தண்டனையை இருபத்து நாலு நாளில் முழுமையாக அனுபவித்தவர்கள். கொத்தனாரும் மனைவியும் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று எண்ணினார்கள். நாழிகை அறையில் பாப்பாவின் இடத்துக்கு வேலைக்கு வந்திருந்த பெண் கடைசியாக வெளியே வந்தாள். அவள் இருமவில்லை. அவளுடைய அம்மா ஓடிப்போய் அவள் தலையைத் தடவிப் பார்த்தாள்.

காவலர் கதவைச் சாத்தினார். மனைவி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாப்பா உள்ள இருக்கும்போதே இப்படிக் கோணலா போட்டிருக்கக் கூடாதாங்க?"

கொத்தனார் நகத்தில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டினார்.

"அப்போ நான் நல்ல கொத்தனாரா இருந்தேம்மா," என்றார்.